எல்லைக்கோட்டில் நின்ற பத்து

அவரைப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே உயிரோடிருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் அவர் ‘செவ்வகம்’. பேருந்துக் கழகத் தலைமை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கும் கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கிய அறைக்கும் நடுவே, புள்ளிவிவரப் பிரிவு என்று பலகை மாட்டிய நீளமான அறை ஒன்று இருக்கிறது. அந்தப் பிரிவின் தலைவரும் அவரே. ஊழியர் கூட்டமும் அவரே. ஆகையால் அங்கே கருத்து வேறுபாடு எழுந்ததாகக் கேள்விப்பட்டவர் எவரும் இல்லை.

பள்ளிப் பாடநூல்கள் நிகழ்வுச் செவ்வகம் என்றும், மற்றவர்கள் ஹிஸ்டோகிராம் என்றும் சொல்லும் படத்தை வரைவதுதான் அவருடைய தொழில். நூற்றுக்கணக்கான எண்களை அளவு வாரியாகப் பிரித்து, எந்தப் பிரிவில் எத்தனை எண் விழுகிறதோ அத்தனை உயரத்துக்கு ஒரு தூண் எழுப்ப வேண்டும். தூண்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். பார்த்தவர், எண்களின் கூட்டம் எங்கே கூடியிருக்கிறது, எங்கே கலைந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் அறிந்துகொள்ளலாம். அறிந்துகொண்டு ஏதாவது செய்தார்களா என்பது வேறு பிரிவின் பொறுப்பு.

இந்தக் கலையைக் கற்க அவரைத் தேர்ந்தெடுத்த முறை நியாயமானது. பயிற்சிக்கு ஓர் ஆளை அனுப்புமாறு நிர்வாகம் கேட்டபோது, எந்தப் பிரிவும் தன் ஆளை விட்டுக்கொடுக்கவில்லை. இவர் இல்லாவிட்டால் ஒரு வேலையும் நின்றுபோகாது என்று மட்டும் எல்லாரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். கழகத்தில் எல்லாப் பிரிவுகளும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட ஒரே செய்தி அதுதான்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது, ‘ஆர்’ என்று ஒற்றை எழுத்தில் பெயர் கொண்ட புள்ளியியல் மொழி. அதற்கு விலை கிடையாது. நிர்வாகம் அதில் கண்ட முதல் சிறப்பு அதுவே. இரண்டாவதைத் தேடும் அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை. வெறுமையான திரையில் ‘ஹிஸ்ட்’ என்று தட்டி, அடைப்புக்குறிக்குள் தகவலின் பெயரை இட்டுப் பொத்தானை அழுத்தினால், தூண்கள் வரிசையாக எழுந்து நிற்கும். தம் நாற்பத்தாறாம் வயதில் அவர் இதை முதன்முறையாகச் செய்து பார்த்தார். அவர் சொன்னவுடன் யாரும் எழுந்து நின்றது அதற்கு முன் நிகழ்ந்ததில்லை. அன்றே அவர் அந்த மொழிக்கு அடிமையானார்.

எத்தனை தூண் வேண்டும் என்று கேட்கவும் வழி உண்டு. ‘பிரேக்ஸ்’ என்று எழுதி ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். ஆனால் பத்துக் கொடுத்தால் பத்துத் தூண் வரும் என்று நம்பிவிடக் கூடாது. எட்டு வரலாம், பன்னிரண்டும் வரலாம். நாம் கொடுக்கும் எண்ணை அது ஓர் ஆலோசனையாக மட்டும் கேட்டுக்கொண்டு, தன் கண்ணுக்கு எங்கே அழகோ அங்கே வெட்டிக்கொள்ளும். பயிற்சிக்கு வந்த மற்றவர்கள் இதைக் கேட்டுத் திகைத்தார்கள். செவ்வகம் திகைக்கவில்லை. கழகத்து வண்டிகளிலும் பிரேக் அப்படித்தான் வேலை செய்தது. வீட்டில் அவர் சொல்லுக்கும் அதே தகுதிதான் இருந்தது. இங்கே வெட்டு, இங்கே வெட்டு என்று ஒவ்வோர் எல்லையையும் நாமே வரிசையாக எழுதிக் கொடுத்தால் மட்டும் அந்த மொழி முழுமையாகக் கீழ்ப்படியும். வீட்டில் அந்த வசதியும் இல்லை.

ஆயினும் அவர் வீட்டிலும் முயன்று பார்த்தார். குளியலறை ஒன்று, ஆட்கள் மூவர். அவரும், பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருக்கும் மனைவியும், கல்லூரிக்குப் போகும் மகளும் அதில் செலவிடும் நேரத்தைக் குறித்துவைத்து, படமாக்கி, குளியலறைக் கதவில் ஒட்டினார்.

“ஏங்க, கதவுல என்னது இது?”

“யாரு எவ்வளவு நேரம் எடுத்துக்கறாங்கன்னு ஒரு படம். பாரு, முக்காவாசி பத்துலேர்ந்து பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள வந்துடுது. அந்தக் கடைசில தனியா ஒண்ணு நிக்குது பாரு, நாப்பது நிமிஷம். அது ஒண்ணுதான் இந்த வீட்டுல பிரச்சினை.”

மகள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, அது நீங்க. அன்னிக்குக் குழாயை ரிப்பேர் பண்றேன்னு உள்ள போனீங்களே.”

“அப்படியா? அப்ப அதை எடுத்துடலாம். அது விதிவிலக்கு.”

“மத்தவங்க பண்ணா பிரச்சினை, நீங்க பண்ணா விதிவிலக்கு,” என்றார் மனைவி. “நல்லாருக்குங்க உங்க கணக்கு. குழாய் இன்னும் ஒழுகுது.”

ஒழுகிய குழாயின் ஈரத்தில் ஊறி, படம் தானாகவே விழுந்தது. ஆய்வு அத்துடன் முடிவுற்றது.

இப்படி யாருக்கும் தீங்கின்றி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வழித்தடத்தின் கடைசி நிறுத்தத்திலும் கழகத்துக்கு ஒரு தகரக் கூண்டு உண்டு. அதில் ஒரு நேரக் காப்பாளர் அமர்ந்திருப்பார். வண்டி வந்ததும், எத்தனை நிமிடம் தாமதம் என்று பார்த்துக் கையடக்கக் கருவியில் அந்த எண்ணைத் தட்டுவது அவர் வேலை. சுற்றறிக்கை தெளிவாக இருந்தது. பத்து நிமிடத்துக்குக் குறைவாகத் தாமதித்த வண்டி நேரத்துக்கு வந்ததாகக் கொள்ளப்படும். பத்து நிமிடமும் அதற்கு மேலும் தாமதித்தது தாமதமே. பாதிக்கு மேற்பட்ட வண்டிகள் தாமதிக்கும் நிறுத்தத்தில் கூண்டை மூடிவிட்டு, காப்பாளரை வெளியூர் டயர் கிடங்குக்கு மாற்றிவிடுவது என்று முடிவாகியிருந்தது. ஓர் ஆள் கண்கொட்டாமல் பார்த்தும் திருந்தாத வண்டிகள், யாரும் பார்க்காவிட்டால் திருந்திவிடும் என்று மேலிடம் கருதியிருக்க வேண்டும்.

சோதனைக்கு முதலில் எடுத்துக்கொண்டது மிக நீண்ட வழித்தடத்தின் கடைசி நிறுத்தம். அங்கே கூண்டில் அமர்ந்திருந்தவர் செவ்வகத்தின் தங்கை கணவர். சுற்றறிக்கையின் மை காய்வதற்குள் தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

“அண்ணா, அந்தப் படம் வரையறது நீதானாமே?”

“நான்தான். ஆனா தகவல் என்ன சொல்லுதோ அதைத்தான் வரைய முடியும்.”

“தகவல் என்ன சொல்லுது?”

“இன்னும் பார்க்கல.”

“பார்க்கறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேளு. டயர் கிடங்கு இருக்கற ஊருக்கு ராத்திரி முழுக்க ரயில்ல போகணும். வாசல் ரூம்ல ரெண்டு மெஷினைப் போட்டு இந்தத் தெரு முழுக்கத் தச்சுக் குடுக்கறேன். யாருக்குத் தோள் இறக்கம், யாருக்கு ஒரு கை நீளம்னு துணியைத் தொட்டாலே தெரியும் எனக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு அங்க போய் யாருக்குண்ணா தைப்பேன்? டயருக்கா?”

இந்தக் கேள்விக்கு ‘ஆர்’ மொழியில் விடை இல்லை. செவ்வகம் தொலைபேசியை வைத்துவிட்டு, அந்த நிறுத்தத்தின் தகவலைத் திறந்து, ‘ஹிஸ்ட்’ என்று தட்டினார். ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு தூண் வருமாறு எல்லைகளையும் எழுதினார். வந்த படத்தைப் பார்த்து அவர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். பொது மேலாளரிடம் அதைக் கொண்டுபோனபோது, அவரும் அதையே செய்தார். சுவரில் மாட்டத் தகுந்த எதையும் விரும்புபவர் அவர்; இது அந்த வகையில் சேரவில்லை.

“என்னய்யா இது, சீப்பு மாதிரி இருக்கு?”

“தகவல் அப்படித்தான் இருக்கு சார். சைபர், அஞ்சு, பத்து, பதினஞ்சு, இருபது, இப்படி. எல்லாம் அதுலதான் விழுது. நடுவுல ஒண்ணுமே இல்ல.”

“நம்ம வண்டிங்க அஞ்சஞ்சு நிமிஷமாத்தான் லேட்டாகுமா?”

“அப்படி இருக்க வாய்ப்பில்ல சார்.”

“பின்ன? இதைப் போர்டு மீட்டிங்ல வச்சா, தலை வாரிக்கறதுக்கா குடுத்தீங்கன்னு கேப்பாங்க. இந்தப் பல்லையெல்லாம் புடுங்கிட்டு ஒழுங்கா கொண்டாங்க. நாலஞ்சு தூண் போதும். பளிச்சுனு இருக்கணும்.”

பல் பிடுங்குவது எளிது. நிமிடத்துக்கு ஒரு தூண் என்பதை விட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தூண் என்று மாற்றினால், இடைவெளிகளெல்லாம் தூண்களின் வயிற்றுக்குள் மறைந்துபோகும். அவர் பத்துப் பத்தாக எல்லைகளை எழுதினார். மின்கம்பத்தில் மோதிவிட்டு ஐம்பத்தைந்து நிமிடம் தாமதமாக வந்த வண்டி ஒன்று எல்லைக்குள் அடங்காமல் தகராறு செய்தது. எல்லையை நீட்டி அதையும் உள்ளே சேர்த்தார். இப்போது முதல் தூண் கம்பீரமாக நின்றது. மூன்றில் இரண்டு பங்கு வண்டிகள் அதில் இருந்தன. மற்றவை படிப்படியாகக் குட்டையாகி வலப்பக்கம் ஒதுங்கியிருந்தன. பொது மேலாளர் படத்தைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்து, “இதுதான்யா படம்,” என்றார்.

செய்தி தங்கைக்கு எப்படி எட்டியது என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் தங்கை கையால் தைத்த புதுச் சட்டை ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. அளவெடுக்காமலே தோள்பட்டை கச்சிதமாகப் பொருந்தியது.

செவ்வகத்திடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முடிந்த வேலையை அவர் மறுபடி சரிபார்ப்பார். அலுவலகத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் இல்லாததால், அவருக்கு நல்லது சொல்லவும் ஆள் இல்லை. புதுச் சட்டையை அணிந்துகொண்டு வந்து, படத்தை நம்பாமல், பத்துக்குக் குறைவான எண்கள் எத்தனை என்று தனியாக எண்ணச் சொல்லி மொழியைக் கேட்டார். மூன்றில் ஒரு பங்குதான் என்றது அது. படம் மூன்றில் இரண்டு என்கிறது. எண்ணிக்கை மூன்றில் ஒன்று என்கிறது. இரண்டும் ஒரே மொழியின் வாயிலிருந்து வருகின்றன.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. முதல் தூண் சைபரில் தொடங்கிப் பத்தில் முடிகிறது. இரண்டாம் தூண் பத்தில் தொடங்குகிறது. அப்படியானால், சரியாகப் பத்து என்னும் எண் எந்தத் தூணைச் சேர்ந்தது? நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால், எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணை அந்த மொழி இடப்பக்கத்துத் தூணில் சேர்த்துவிடும். இது வழக்கமாக யாருக்கும் தீங்கு செய்வதில்லை; எல்லைக்கோட்டில் நிற்பவை இரண்டோ மூன்றோதான் இருக்கும். இந்தத் தகவலிலோ மூன்றில் ஒரு பங்கு வண்டிகள் சரியாகப் பத்தில் வந்து நின்றிருந்தன. சுற்றறிக்கைப்படி அவையெல்லாம் தாமதம். படத்தின்படி அவையெல்லாம் நேரத்துக்கு வந்தவை.

இதைத் திருத்த ஒரு சொல் போதும். ‘ரைட்’ என்று எழுதி, அதற்கு ‘ஃபால்ஸ்’ என்று சேர்த்தால், எல்லைக்கோட்டு எண்கள் வலப்பக்கத் தூணுக்குத் தாவிவிடும். அவர் சேர்த்துப் பார்த்தார். முதல் தூண் பாதியாய்ச் சரிந்தது. இரண்டாம் தூண் எழுந்து நின்றது. ஒரு சொல்லில் தங்கை குடும்பம் இரவு ரயிலில் ஏறிவிட்டது. அவர் புதுச் சட்டையின் கழுத்துப் பித்தானை அவிழ்த்துவிட்டுக்கொண்டார்.

அன்று மாலை அவர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

“வேற யாருக்கும் தெரியுமா?”

“தெரியாது. தெரியறதுக்கு அங்க வேற யாரு இருக்கா?”

“அப்ப பேசாம இருந்துடுங்களேன். தப்பு நீங்க பண்ணலையே, அதுதானே பண்ணுச்சு.”

“இப்ப எனக்குத் தெரிஞ்சுடுச்சே. இனிமே அது பண்ண தப்பு இல்ல, நான் பண்ணது.”

“சரி, மாத்துங்க. ஆனா உங்க தங்கச்சி ஊரை விட்டுப் போற அன்னிக்கு ஸ்டேஷனுக்கு நீங்கதான் போகணும். அந்தப் படத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க. ஜன்னலோரம் விசிறிக்கட்டும்.”

செவ்வகத்துக்கு வேறொரு கேள்வியும் உறுத்திக்கொண்டிருந்தது. வண்டிகள் ஏன் ஐந்தைந்தாகத் தாமதிக்கின்றன? மறுநாள் காலை, அலுவலகம் போகும் முன், கடைசி நிறுத்தத்துக்குப் போனார்.

கூண்டுக்குள் ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர்ப் புட்டி, சுவரில் ஒரு வட்டக் கடிகாரம், இவற்றுக்கு நடுவே தங்கை கணவர். கடிகாரத்தில் எண்கள் இல்லை. அவற்றின் இடத்தில் பன்னிரண்டு தடித்த கோடுகள் மட்டும் இருந்தன. மேசைமேல் கையடக்கக் கருவி கிடந்தது. சைபர், ஒன்று, இரண்டு, ஐந்து ஆகிய பொத்தான்கள் மட்டும் எண் அழிந்து வழுவழுவென்றிருந்தன. மற்றவை, தொழிற்சாலையிலிருந்து வந்த கோலம் கலையாமல் பளபளத்தன.

“வாங்க மச்சான்! என்ன, காலங்காத்தால? சட்டை நல்லாருக்கே.”

“சும்மாதான் மாப்பிள்ளை. உங்க வேலையைப் பார்க்கலாம்னு வந்தேன்.”

ஒரு வண்டி வந்து நின்றது. ஏழு நிமிடம் தாமதம். இறங்கிய ஓட்டுநர், “வணக்கம்ணே, நல்லாருக்கீங்களா?” என்று கைதூக்கினார். தங்கை கணவர், “ம்ம்,” என்று தலையசைத்து, கருவியில் ஒரு தட்டுத் தட்டினார்: ஐந்து. சற்றுப் பொறுத்து அடுத்த வண்டி வந்தது. அதுவும் ஏழு நிமிடம் தாமதம். அதன் ஓட்டுநர் காதில் ஒயரை மாட்டியபடி கூண்டைக் கடந்து தண்ணீர்க் குழாய்க்குப் போய்விட்டார். தங்கை கணவர் அவர் முதுகை முறைத்தபடி இரண்டு தட்டுத் தட்டினார்: ஒன்று, சைபர்.

“மாப்பிள்ளை, ரெண்டு வண்டியும் ஏழு நிமிஷம்தானே? அதுக்கு அஞ்சு, இதுக்குப் பத்தா?”

“முதல்ல வந்தவன் நல்ல பையன் மச்சான். வணக்கம் வச்சான். இவனைப் பார்த்தீங்கல்ல? நான் ஒருத்தன் உக்காந்திருக்கேன், சுவத்தைப் பார்க்கற மாதிரி பார்த்துட்டுப் போறான்.”

“அதுக்காக நேரத்தை மாத்துவீங்களா?”

“நான் எங்க மாத்தறேன்? நீங்களே கடிகாரத்தைப் பாருங்க. ஏழுன்னு அதுல ஏதாவது கோடு இருக்கா? அஞ்சு இருக்கு, பத்து இருக்கு. முள்ளு நடுவுல நின்னா, மேல எடுக்கறதா கீழ எடுக்கறதான்னு ஒரு நியாயம் வேணாமா? ஆளைப் பார்த்துப் போடறேன்.”

“ஏழுன்னு தட்ட வேண்டியதுதானே? கருவியில ஏழு இருக்கே.”

“அது புதுசா இருக்கு மச்சான். எதுக்கு அழுக்காக்கணும்?”

செவ்வகம் நெற்றியைத் தடவிக்கொண்டார். “எத்தனை பேரு வணக்கம் வெக்கறாங்க?”

“பழைய ஆளுங்க நாலஞ்சு பேரு. மீதியெல்லாம் காதுல ஒயரு.”

கழகம் இத்தனை காலமாகச் சேகரித்துப் பூட்டிவைத்திருந்தது தாமதத்தின் தகவல் அன்று. ஓட்டுநர்கள் தங்கை கணவருக்குக் காட்டிய மரியாதையின் தகவல். அந்த வகையில் அது மிகத் துல்லியமானது என்றே சொல்ல வேண்டும்.

“மாப்பிள்ளை, சுற்றறிக்கை படிச்சீங்களா? பத்துன்னு போட்டா அது லேட்டுக் கணக்கு. பாதிக்கு மேல லேட்டுன்னா டயர் கிடங்கு.”

தங்கை கணவரின் கை கருவியிலிருந்து தானாக விலகியது. “பத்துன்னா நேரத்துக்கு வந்ததாத்தானே நினைச்சுட்டிருந்தேன்? வணக்கம் வெக்காதவனுக்குக்கூட மனசு இறங்கிப் பத்தோட விட்டேனே!” பிறகு குரலைத் தாழ்த்தினார். “சரி, விடுங்க. இன்னியிலேர்ந்து எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுடறேன்.”

“வேணவே வேணாம்! அப்புறம் படத்துல ஒரே தூண்தான் நிக்கும், கொடிக்கம்பம் மாதிரி. யாரு பார்த்தாலும் கண்டுபுடிச்சுடுவாங்க. நீங்க பாட்டுக்கு இருங்க. இந்த வாரம் நான் வந்து நேரம் எடுக்கறேன்.”

அந்த வாரம் முழுவதும் அவர் விடுப்பெடுத்து, கூண்டுக்கு வெளியே கையில் தொலைபேசியுடன் நின்றார். புள்ளிவிவரப் பிரிவு மூடிக் கிடந்ததை அலுவலகத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. பயிற்சிக்கு அவரை அனுப்பிய காரணம் அப்போதும் செல்லுபடியாயிற்று. வண்டியின் முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தொடும் நிமிடத்தை அவர் குறித்துக்கொண்டார். யார் வணக்கம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஏழு ஏழாகவே பதிவாயிற்று. தங்கை கணவர் கூண்டுக்குள்ளிருந்து இந்த அநியாயத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் நாளே தங்கை அழைத்தாள்.

“அண்ணா, நீ அவரை வேவு பார்க்கறியாமே?”

“வண்டியைப் பார்க்கறேன்மா.”

“முதல்ல குடுத்த படம் நல்லாத்தானே இருந்துச்சு? எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னதை எதுக்குத் திரும்பத் தோண்டற?”

“அது தப்பு. அதுக்குத்தான் தோண்டறேன்.”

“தோண்டினா என்ன வரும்?”

அவருக்கும் தெரியவில்லை. தங்கை கணவர் கோபத்தில் மேலே ஏற்றியதும், அன்பில் கீழே இறக்கியதும் ஒன்றையொன்று எவ்வளவு சரிக்கட்டின என்று யாரால் சொல்ல முடியும்? “வரட்டும், பார்க்கலாம்,” என்றார்.

“சரி. டயர்னு வந்துச்சுன்னா அந்தச் சட்டையைத் திருப்பிக் குடுத்துடு,” என்று அவள் தொலைபேசியை வைத்தாள்.

வாரக் கடைசியில் அவர் மேசைக்குத் திரும்பி எண்களை உள்ளிட்டார். எல்லைகளை ஒவ்வொன்றாக எழுதினார். ‘ரைட்’டுக்கு ‘ஃபால்ஸ்’ சேர்த்தார். எல்லாம் ஆனபின், பொத்தானை அழுத்தாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு ஹிஸ்டோகிராம் எப்படி வரவேண்டும் என்று அவருக்கு விருப்பம் இருந்தது. அது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. திரும்பி வந்து அழுத்தினார்.

சீப்பு இல்லை. இடப்பக்கம் மெல்ல ஏறி, ஏழு எட்டில் உச்சிக்குப் போய், வலப்பக்கம் சாய்வாக இறங்கும் ஒரு மேடு நின்றது. பத்துக்குக் குறைவாக இருந்தவை பாதிக்கும் கணிசமாக மேலே. சரியாகப் பத்தில் நின்ற வண்டிகள் சிலவே. ஆசைக்கு ஒருமுறை ‘ரைட்’டை மாற்றியும் பார்த்தார். அந்தச் சில வண்டிகள் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கு மாறின, மேடு அசையவில்லை. எல்லைக்கோட்டில் கூட்டம் கூடாதபோது, கோடு எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்று யாரும் சண்டையிட வேண்டியதில்லை. தங்கை கணவரை டயர் கிடங்குக்கு அனுப்பவிருந்தது வண்டிகளின் தாமதமன்று, ஓட்டுநர்கள்மேல் அவர் கொண்ட கோபமே என்பதும் அப்போது உறுதியாயிற்று.

இரண்டு படங்களையும் பொது மேலாளரின் மேசையில் வைத்தார்.

“சார், முதல்ல குடுத்த படம் தப்பு. பத்து நிமிஷம் லேட்டான வண்டியெல்லாம் நேரத்துக்கு வந்த தூண்ல சேர்ந்துடுச்சு.”

“யாரு சேர்த்தது?”

“ஒண்ணும் சொல்லாம விட்டா அதுவா அப்படிச் சேர்த்துடும் சார்.”

“நம்ம ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லாம விட்டா எதுவுமே நடக்காது. அதுல நடக்குதா? பரவால்லையே. சரி, இது என்ன?”

“நானே ஒரு வாரம் நின்னு எடுத்தது சார். காப்பாளர் அஞ்சஞ்சா முழுசாக்கிப் போட்டுட்டிருந்தார். அதான் முதல்ல சீப்பு மாதிரி வந்துச்சு. இன்னொண்ணும் சொல்லிடறேன். அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். வேணும்னா வேற யாரையாவது அனுப்பித் திரும்ப எடுக்கச் சொல்லுங்க.”

“உங்க பிரிவுல வேற யாருய்யா இருக்கா?” பொது மேலாளர் புதிய படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். “முழுசாக்கறது ஒரு தப்பா? நம்ம பட்ஜெட்டே முழுசாக்கினதுதான். விடுங்க. இந்தப் படம் அதைவிட நல்லாருக்கே! மணியைக் கவுத்து வச்ச மாதிரி. சுவத்துல மாட்டலாம்.”

நிர்வாகக் குழுவுக்கும் மணி பிடித்துவிட்டது. வண்டிகள் நேரத்துக்கு வருவது ஐயமற நிரூபணமானதால், அங்கே நேரம் பார்க்க ஆள் தேவையில்லை என்று முடிவு செய்து கூண்டை மூடிவிட்டார்கள். இத்துணை அழகிய தகவலைத் தந்த காப்பாளரை டயர் கிடங்குக்கு அனுப்புவது முறையாகாது என்றும், எண்களில் தேர்ந்த கையை இனியும் தகரக் கூண்டில் வீணாக்கலாகாது என்றும் குறிப்பெழுதினார்கள். படத்துக்கான எண்களை எடுத்தவர் யார் என்பதைப் பொது மேலாளர் சொல்ல மறந்திருக்கலாம். சொல்லியும் அவர்கள் மணியில் மயங்கியிருக்கலாம். தங்கை கணவர் புள்ளிவிவரப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

தங்கையின் மெஷின்கள் வாசல் அறையிலேயே ஓடின. செவ்வகத்துக்கு இரண்டாவது சட்டையும் வந்தது.

தங்கை கணவரின் மேசையை, வேறு இடமில்லாததால், வாசலைப் பார்த்துப் போட்டார்கள். அவருக்கு முதல் பணியாக, தலைமை அலுவலக ஊழியர்கள் காலையில் எத்தனை நிமிடம் தாமதமாக வருகிறார்கள் என்று குறிக்கும் பொறுப்பு தரப்பட்டது. பத்து நிமிடமும் அதற்கு மேலும் தாமதம் என்னும் விதி இங்கும் பொருந்தும் என்றார்கள். அவர் பழைய கருவியையே உடன் கொண்டுவந்திருந்தார். கூண்டின் கடிகாரமும் சுவரேறியது.

முதல் நாள் காலை செவ்வகம் ஏழு நிமிடம் தாமதமாக வந்தார். ஒழுகும் குழாய்தான் காரணம். படியேறிய மூச்சிரைப்போடு, யாரையும் பார்க்காமல், நேரே தம் நாற்காலிக்குப் போய் அமர்ந்து கணினியை முடுக்கினார்.

பின்னால் பொத்தான் தட்டும் ஓசை கேட்டது. ஒரு தட்டு. அதைத் தொடர்ந்து இன்னொரு தட்டு.

ஏழுக்கு ஒரு தட்டுப் போதும் என்பது உலகிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் எழுந்து, அறையை விட்டு வெளியே போய், கதவருகே நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி உள்ளே வந்தார்.

“வணக்கம், மாப்பிள்ளை. நல்லாருக்கீங்களா?”

“ம்ம், வாங்க மச்சான்,” என்றார் தங்கை கணவர், முகம் மலர்ந்து.

அழித்து எழுதும் பொத்தானின் ஓசையும், அதற்குப் பின் ஒரே ஒரு தட்டும் கேட்டன. அது ஐந்தா ஏழா என்று செவ்வகம் திரும்பிப் பார்க்கவில்லை.